முப்பது நாள் பச்சை

கிள்ளான்,
5.10.2025, ஞாயிற்றுக்கிழமை

பெரிய சகலை பக்கிரிசாமி அவர்களின் சமூகத்துக்கு, சின்ன சகலை கன்னையா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும், என்னோடு குடியிருக்கும் பதினோரு மின்சாதனங்களும், வாசல் கறிவேப்பிலை மரமும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே ரவாங்கில் உங்கள் முழங்கால் வலி, மாரியாயி அண்ணியின் சர்க்கரை, மகள் தாமரையின் கோபம் மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் சொல்வதில் பாதிதான் உங்கள் காதில் விழும், விழுகிற பாதிக்கும் "சரி சரி, அப்புறம்?" என்பீர்கள். அதை விடுங்கள். என் வீட்டு நடுக்கூடத்தில் பேசும் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது, நான் வாயைத் திறந்தால் அதுவும் திறக்கும். போன வாரம் அண்ணி கூப்பிட்டு, "கன்னையா, லோகன் ஒங்க வீட்ல மாட்டிக் குடுத்த சாமானெல்லாம் எப்படி இருக்கு? தாமரை பினாங்குக்கு வேல மாறிப் போறா இல்ல, போறதுக்கு முன்ன எங்களுக்கும் மாட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. இவரு வேணாங்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெட்டி இங்கிலீஷில் நீளமாக ஏதோ மன்னிப்புக் கேட்டது. அண்ணி, "வீட்ல யாரு அது?" என்றார். நான் விளக்குவதற்குள் போனை வைத்துவிட்டார். அது வெறும் பெட்டி, மனுஷி இல்லை என்பதை முதலில் அண்ணியிடம் சொல்லிவிடவும்.

நான் போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்ததும், பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி வந்து தூக்கும்வரை ஒரு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அன்றிலிருந்து மகன் லோகனுக்குத் தூக்கம் போய்விட்டது. கிள்ளான் வீட்டை விற்றுவிட்டு ஜொகூர் பாருவுக்கு வந்துவிடுங்கள் என்று பிடித்துக்கொண்டான். ஜேபியில் அவன் வீடு இருபத்தோராவது மாடி. பத்து நாள் போய் இருந்து பார்த்தேன். பால்கனியில் நின்றால் பறவைகளின் முதுகு தெரிகிறது. பேப்பர் வாங்கப் போவதென்றால் மூன்று இடத்தில் அட்டை காட்ட வேண்டும். மருமகள் நல்ல பெண், பேரப்பிள்ளைகள் தங்கம், குறை ஒன்றும் இல்லை. ஆனால் விடியற்காலையில் வண்டிச் சத்தம் இல்லாமல் எனக்கு வயிறு வேலை செய்யவில்லை, சகலை. இங்கே என் வீட்டுக்குப் பின்னால்தான் கோலக்கிள்ளான் ரயில் பாதை. முதல் வண்டி போகிற சத்தத்தில் எழுந்திருப்பேன். என் சீதாலெட்சுமி நட்ட கறிவேப்பிலையில் தாமான் வீடுகள் முழுக்க வந்து பறிக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் கடைசியாக நடந்தது இந்தத் தரையில்தான். இதை விற்றால் அவளை இன்னொரு முறை தூக்கிக்கொண்டு போய் விடுவதாகத்தான் எனக்குப் படும். அதை லோகனிடம் சொல்லத் தெரியாமல், ஜேபியில் மீன் நன்றாக இல்லை என்று சொன்னேன்.

அவனும் என் மகன்தானே, ஒரு வழி கண்டுபிடித்தான். "அப்பா, வீட்டுல உள்ள எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு பேச வச்சிடுவோம். நீங்க எழுந்தீங்களா, தண்ணி சுட வச்சீங்களா, பாத்ரூம்ல விழுந்துட்டீங்களா, எல்லாமே என் போனுக்கு வந்துடும். எல்லாம் ஒழுங்கா வேல செஞ்சிச்சுன்னா காலைல எட்டு மணிக்குப் பச்சை. ஒண்ணு மக்கர் பண்ணாலும் அந்த நிமிஷமே சிவப்பு. தீபாவளிக்குள்ள தொடர்ந்து முப்பது நாள் பச்சை வரட்டும், வீட்ட விக்கிற பேச்சே எடுக்க மாட்டேன். வரலன்னா ஜேபி. ஓகேவாப்பா?" என்றான். பச்சை, சிவப்பு என்று யாரிடம் வந்து சொல்கிறான் பாருங்கள். கோலாலம்பூர் சிக்னல் கேபினில் முப்பத்து நான்கு வருஷம் நின்ற காலிடம். கேபினில் ஒரு கைப்பிடி இன்னொரு கைப்பிடியைக் கேட்காமல் அசையாது, தண்டவாளம் சரியாகத் திரும்பாமல் கைகாட்டி இறங்காது. அத்தனை இரும்பையும் கட்டி மேய்த்தவனுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் ஜாடி ஒரு பெரிய காரியமா? சரி என்று கை கொடுத்துவிட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள்.

ஆடி பிறந்துவிட்டால் புதுச் சாமான் ஏற்றக் கூடாது என்று ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து மாட்டச் சொன்னேன். கம்பெனியிலிருந்து ஷார்மைன் என்று ஒரு தமிழ்ப் பெண் வந்தது, ஏணியில் ஏறினால் அந்தக் காலத்து நீங்கள்தான், அவ்வளவு சுறுசுறுப்பு. கதவுப் பூட்டு, வாசல் கேமரா, விளக்கு, காற்றாடி, திரைச்சீலை, தண்ணீர் ஜாடி, சோற்றுக் குக்கர், புகை கண்டால் கத்துகிற வட்டு, குளியலறைக் கண், தானாக ஊர்ந்து கூட்டுகிற துடைப்பம், பேசும் பெட்டி என்று பதினொன்றையும் மாட்டி, பேச வைத்துக் காட்டிவிட்டுப் போனது. அது போனதும் நான் குளித்துவிட்டு வந்து, சந்தனம் குழைத்து, பதினொன்றுக்கும் பொட்டு வைத்தேன். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் நாம் எப்போது தொட்டிருக்கிறோம்? அந்த நாள் ரயில்வே குவார்ட்டர்ஸில் உங்கள் ஃபிரிட்ஜ் லோரியில் வந்து இறங்கிய அன்று, அதற்கு மாலை போட்டு, அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கத் தள்ளி, நாலு பேர் கால் விரலை நசுக்கிக்கொள்ளவில்லையா? இந்தச் சாமான்களுக்கு ஒரு விசேஷம், ஒவ்வொன்றின் முகத்திலும் நட்ட நடுவில் கறுப்பாக, சிறியதாக, வட்டமாக ஒரு இடம். பொட்டு வைப்பதற்கென்றே செய்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, சந்தனம் தடவி அதன் மேல் குங்குமமும் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுநாள் காலை சிவப்பு. அதற்கு மறுநாளும் சிவப்பு. திரைச்சீலை விடிந்ததைப் பார்க்கவில்லை, காற்றாடி நான் வந்ததைப் பார்க்கவில்லை, துடைப்பம் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஷார்மைன் மூன்று முறை வந்து வயரை மாற்றியது, வைஃபை பெட்டியை மாற்றியது, கம்பெனி பாஸுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தது. லோகன் ஜேபியிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டு, அப்பா ஜாடி என்ன செய்கிறது, அப்பா நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பிராணனை வாங்கினான். பதினோராம் நாள் ஷார்மைன் டார்ச் அடித்து, துடைப்பத்தின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

"அங்கிள், இது என்ன அங்கிள்?"

"பொட்டும்மா."

"கண்ணுல போயா அங்கிள் பொட்டு வைப்பாங்க?"

"நெத்தின்னுல்ல நெனச்சேன்."

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. சீதா இருந்திருந்தால், இவருக்கு நெற்றிக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் என்னைப் பெண் பார்த்தார் என்று நாலு வீட்டுக்குக் கேட்கச் சொல்லியிருப்பாள்.

பொட்டுகளையெல்லாம் துடைத்துவிட்டு, வாசல் கேமராவுக்கு என் முகத்தைப் பழக்கிவிட்டது ஷார்மைன். அன்று நான் கோயிலுக்குப் போய்வந்த முகம், நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனம். கேமரா அந்த முகத்தைத்தான் கன்னையா என்று மனப்பாடம் செய்துகொண்டது. இரண்டு நாள் கழித்து பாசாருக்குப் போய், வியர்வையில் திருநீறு கரைந்துபோக, கையில் ஒரு கிலோ கெம்போங் மீனோடு வந்து நிற்கிறேன், கதவு திறக்கவில்லை. யாரோ அந்நியன் வாசலில் நிற்கிறான் என்று லோகனுக்குச் செய்தி வேறு அனுப்பிவிட்டது. பழைய பூட்டைக் கழற்றியாகிவிட்டது. அவசரத்துக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள், அதை மறக்கக் கூடாது என்று பத்திரமாக எழுதி, வீட்டுக்குள்ளே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். முகத்தை இப்படியும் அப்படியும் காட்டினேன், சிரித்துக் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். லோகன் போனில், "அப்பா, வாசல்ல ஒரு ஆளு பல்ல காட்டிக்கிட்டு நிக்கிறான், நீங்க வீட்டுக்குள்ளதான இருக்கீங்க? கதவத் தொறந்துடாதீங்க!" என்று கத்துகிறான். "அந்த ஆளு ஒங்கப்பன்டா," என்றேன். கடைசியில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு மீனை வெளியில் வைத்துவிட்டுப் போய், திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றேன். கதவு உடனே திறந்தது. அன்று முதல் சட்டைப்பையில் ஒரு திருநீற்றுப் பொட்டலம் இல்லாமல் நான் வெளியே போவதில்லை. என் பக்தி கூடிவிட்டது என்று தாமானில் நல்ல பெயர்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் பச்சை. ஆறாம் நாள் ஆடி வெள்ளி. சீதா ஒரு வெள்ளிக்கிழமையும் சாம்பிராணி போடாமல் இருந்ததில்லை, அவள் போன பிறகு நான் போடுகிறேன். ஆடி வெள்ளி ஆயிற்றே என்று அன்று கொஞ்சம் தாராளமாகவே போட்டு, சாமி படத்துக்குக் காட்டி, அவள் படத்துக்குக் காட்டி, நடுக்கூடத்துக்கு வந்தேன். மேலே இருந்த வட்டு ஒரு ஊளை விட்டது பாருங்கள். அதுவரை ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் இருந்த பதினோரு சாமான்களும் அந்த நொடியில்தான் முதல்முறையாகச் சேர்ந்து வேலை செய்தன. விளக்கெல்லாம் மின்னி மின்னி எரிகிறது, காற்றாடி நிற்கிறது, திரைச்சீலை விலகுகிறது, கதவு தானாகத் திறந்துகொள்கிறது, பெட்டி இங்கிலீஷில் வெளியே ஓடு என்கிறது, துடைப்பம் பயந்துபோய்ச் சாமி மேடைக்கு அடியில் நுழைந்துகொண்டது. சீன ஆன்டி ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, திறந்த கதவு வழியாக நேரே உள்ளே வந்து, சாம்பிராணித் தட்டின் மேலும் என் மேலும் சரிபாதியாக ஊற்றினாள். தாமானைக் காவல் காக்கிற ஜாகா இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். தீயணைக்கிற பொம்பா வண்டி வராததுதான் பாக்கி. லோகன் மறுநாள் காலையில் வந்து இறங்கினான், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. கோபமாகத்தான் வந்தான், ஆனால் சாப்பிட்டுப் படுத்தவன் மறுநாள் மாலைதான் கிளம்பினான். லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாழையிலைச் சோறு சாப்பிட்டோம், பிள்ளைகள் கறிவேப்பிலை பறித்துக்கொண்டு போனார்கள். கணக்கு மட்டும் பூஜ்யத்துக்குப் போய்விட்டது.

அடுத்த முறை பதினாறு பச்சை சேர்ந்தது. பதினேழாம் நாள் சாமி மேடைக்கு முன்னால் அரிசி மாவில் நான் போட்டிருந்த சின்னக் கோலத்தைத் துடைப்பம் அழுக்கு என்று நினைத்து, ஒரு புள்ளி விடாமல் தின்றுவிட்டது. தின்றது செரிக்காமல் மூச்சு முட்டி நின்றுபோய், சிவப்பு. லோகன் போனில் அரை மணி நேரம் ஆறுதல் சொன்னான், எனக்கா துடைப்பத்துக்கா என்று தெரியவில்லை. அதைத் திறந்து மாவைக் கொட்டிக்கொண்டே ஷார்மைன், "அங்கிள், இதெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி லா. ஒண்ணுக்கு முடியலன்னா மத்தது கேட்டுக்கணும், அதான் நெட்வொர்க்கு," என்று எனக்கு விளக்கியது. நான் அதனிடம் சொன்னேன், அம்மா, இதை நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே செய்துவிட்டோம், வயரும் கிடையாது வைஃபையும் கிடையாது என்று.

பொய்யா சொன்னேன், சகலை? நம் வரிசையில் எட்டு வீடு. ஃபிரிட்ஜ் உங்கள் வீட்டில், டிவி என் வீட்டில், தையல் மெஷின் இராஜம்மா வீட்டில், போன் கடைசி வீட்டு கெர்ட்ரூட் டீச்சர் வீட்டில். எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு குடும்பத்துச் சாமான்தான் இருந்தது, அது எட்டு இடத்தில் பரவி இருந்தது. எங்கள் மீன் உங்கள் ஃபிரிட்ஜில் தூங்கும், உங்கள் பிள்ளை எங்கள் டிவிக்கு முன்னால் தூங்கும். டீச்சர் வீட்டில் போன் அடித்தால் டீச்சர் ஜன்னலில் கரண்டியால் தட்டுவார், இராஜம்மா கேட்டு அண்ணியிடம் சொல்ல, அண்ணி கொடுக்கிற குரலில் கேபினில் இருக்கிற எனக்கே கேட்டுவிடும். சீதா இரண்டு நாள் உங்கள் வீட்டுக்கு ஐஸ் கேட்டு வரவில்லை என்றால் மூன்றாம் நாள் அண்ணி கஞ்சியோடு வந்து நிற்பார், காய்ச்சலா என்று. அவளுக்குக் காய்ச்சல் என்று அண்ணிக்கு யார் சொன்னது? ஃபிரிட்ஜ் சொன்னது. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று வந்தது. நாங்களும் ஃபிரிட்ஜ் வாங்கினோம், நீங்களும் டிவி வாங்கினீர்கள். அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது நமக்கு! அதன் பிறகு எந்தச் சாமானும் பக்கத்து வீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இப்போது அந்த இடத்தில் குவார்ட்டர்ஸே இல்லை, போய்ப் பார்த்தால் எந்த இடத்தில் நம் வீடு இருந்தது என்று கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் ஆகிறது.

டிவி என்றதும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படிப்பீர்கள் என்று தெரியும். எழுதாமல் விட மனமில்லை. நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் போடுகிற காலம். டிவி என் வீட்டில், ஆன்டெனா உங்கள் கூரையில், அதுதான் உயரம் என்று. படத்தில் புள்ளி விழுந்தால், சிக்னல் ஃபிட்டராக இருந்த நீங்கள் டீச்சர் வீட்டு ஏணியில் ஏறுவீர்கள். டிவிக்கு முன்னால் சீதா, "இன்னும் தெரியல!" என்பாள். நடுவில் அண்ணி அதை வாங்கி, "இன்னும் கொஞ்சம் பத்துமலை பக்கம் திருப்புங்க!" என்று மேலே அனுப்புவார். அன்றும் அப்படித் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று கண்ணாடி போல் தெளிவாகத் தெரிந்தது, புள்ளி இல்லை, கோடு இல்லை. சீதா உட்கார்ந்தாள், அண்ணி உள்ளே வந்து உட்கார்ந்தார், எட்டு வீடும் உட்கார்ந்தது. படம் தெளிவாக இருந்ததால் மேலே ஓர் ஆள் இருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. படத்தில் கதாநாயகி அழ ஆரம்பித்து நாங்களும் அழுதுகொண்டிருந்தபோது, ஐந்து வயது லோகன்தான் கேட்டான், "பெரியப்பா எங்க?" என்று. வெளியே ஓடி வந்து பார்த்தால், நீங்கள் கூரையில் ஆன்டெனாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், ஏணியைக் காணோம். லோகன்தான் ஓடிப்போய் டீச்சர் வீட்டில் ஏணி கேட்டான். இறங்கி வந்து நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், "படம் நல்லா தெரிஞ்சிச்சா?" என்று. அடுத்த மாதமே டிவி வாங்கிவிட்டீர்கள். ஏணியை எடுத்தது யார் என்று இன்றுவரை கல்யாண வீடுகளில் என்னைச் சாடையாகக் கேட்கிறீர்கள். சீதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், அது நான் இல்லை.

போகட்டும், வெற்றிக் கதையைக் கேளுங்கள். செப்டம்பர் ஏழாம் தேதி முதல் பச்சை. இன்று இருபத்தொன்பதாவது. எப்படி முடிந்தது என்கிறீர்களா? சாமான்கள் திருந்தவில்லை, நான் திருந்திவிட்டேன். கோலத்தைச் சாக்பீஸால் போடுகிறேன். தாளிப்பதைப் பின்கட்டில் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைக் கறிவேப்பிலை மரத்தடியில் போட்டு, சாமிக்கும் சீதாவுக்கும் ஜன்னல் வழியாகக் காட்டுகிறேன். சில நாள் காற்று எதிர்ப்பக்கம் அடித்துவிடுகிறது, அவள் புரிந்துகொள்வாள். தாகம் இல்லாவிட்டாலும் காலை ஏழு மணிக்கு ஜாடியைப் போட்டுவிடுகிறேன். பேசும் பெட்டியும் நானும் இப்போது ஒரு மாதிரி ஒத்துப்போய்விட்டோம், நான் விளக்கைப் போடச் சொன்னால், போட்டேன் என்று திருப்பிச் சொல்கிறது. கேபினில் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்க எத்தனை பேரோடு மல்லுக்கட்டியிருப்பேன்! இன்னொரு சௌகரியம், போன் தொல்லை குறைந்துவிட்டது. சிவப்பு வந்த நாளெல்லாம் மூன்று தடவை கூப்பிட்ட லோகன், பச்சை வர ஆரம்பித்ததும் தினம் ஒரு தடவை ஆனான், பிறகு வாரம் ஒரு தடவை. இப்போது எட்டு மணிக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புகிறான். நானும் ஒரு கட்டைவிரல் அனுப்புகிறேன். நேரம் மிச்சம்.

ஆகையால் என் முடிவான கருத்து, தாமரை சொல்வதைக் கேளுங்கள். மாட்டிக்கொள்ளுங்கள். பொட்டை நெற்றியில் வையுங்கள், நெற்றி எது என்று ஷார்மைனிடம் கேட்டு வையுங்கள், பாசாருக்குத் திருநீறு கொண்டு போங்கள், மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு நிம்மதி, நமக்கும் சொந்த வீடு. நாளைக் காலை எட்டு மணிக்கு முப்பதாவது பச்சை விழுந்ததும் எனக்கு இந்த வீடு நிரந்தரம். தீபாவளிக்கு லோகன் குடும்பத்தோடு வருவான், நீங்களும் அண்ணியும் தாமரையும் முதல் நாளே வந்துவிடுங்கள். வருகிறவர் முகத்தைக் கேமராவுக்குப் பழக்க வேண்டும், அதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அண்ணிக்கு என் வணக்கம். தாமரைக்கு ஆசீர்வாதம், பினாங்கில் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். எல்லாரையும் பத்துமலை முருகன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் கோபத்துக்குப் பாத்திரமான சின்ன சகலை,
க. கன்னையா
சிக்னல்மேன் (ஓய்வு)

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. ஒட்டின கவரைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். எட்டு மணிக்கு முப்பதாவது பச்சை விழுந்தது. கட்டைவிரல் வருவதற்குள் நானே லோகனைக் கூப்பிட்டேன். "அப்பா! முப்பது! கலக்கிட்டீங்க லா! வீடு ஒங்களுதுதான், இனிமே அந்தப் பேச்சே கெடையாது," என்றான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம், "அப்பா, தீபாவளிக்கு லீவு கொஞ்சம் சிக்கலு. அதான் எல்லாம் பச்சையா இருக்கே, ஒரு கவலயும் இல்ல. பொங்கலுக்குக் கண்டிப்பா வரேன். மீட்டிங் இருக்குப்பா, வச்சிடட்டா?" என்றான். "சரிடா, வேலையப் பாரு," என்றேன். வைத்துவிட்டான். தப்பு அவன் மேல் இல்லை. பச்சை விழுந்தால் வண்டி நிற்காமல் போகும், அவனுக்கு அது என் ரத்தத்தில் வந்தது.

நடுக்கூடத்தில் உட்கார்ந்து யோசித்தேன், சகலை. நீங்கள் கூரையில் உட்கார்ந்துகொண்டு என்ன நினைத்தீர்கள் என்று நாற்பத்தோரு வருஷத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. படம் நல்லா தெரியுது போல, அதான் யாரும் கூப்பிடல என்றுதானே நினைத்திருப்பீர்கள்? லோகனுக்கு இப்போது படம் ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது. ஏணியை எடுத்தது நான்தான். படம் ஆரம்பிக்கிற அவசரத்தில், டீச்சர் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்காருவோம் என்று எடுத்துப் போனேன். மன்னித்துக்கொள்ளுங்கள். சீதா மேல் வைத்த ஆணையை அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். தாமரையிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் விடவில்லை என்றால் மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ரொம்ப ஒழுங்காக வேலை செய்ய விட்டுவிடாதீர்கள்.

சற்று முன் எழுந்துபோய்ச் சந்தனம் குழைத்தேன். குளியலறைக் கண்ணைத் தொடவில்லை, பிள்ளையைப் பயமுறுத்த மனசு வரவில்லை. நடுக்கூடத்துத் திரைச்சீலைக்கு மட்டும், சரியாகக் கண்ணில், ஒரே ஒரு பொட்டு. மேலே குங்குமம். லட்சணமாகத்தான் இருக்கிறது. வந்து உட்கார்ந்து இந்த நாலு வரி எழுதுவதற்குள் போன் அடிக்கிறது.

ஏணி வந்துவிட்டது, சகலை. எழுந்து போகிறேன்.